கலந்து வைத்த பெற்றோல்

உலகத்தின் எந்த மூலையில் யார் யாரோடு சண்டை பிடித்தாலும் முதலில் பெற்றோல் கானைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் நான்தான். சண்டை நடக்கிற நாடு எந்தப் பக்கம் கிடக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன செய்ய? காலைச் செய்தியில் ‘எண்ணெய்க் கப்பல்’ என்ற சொல் காதில் விழுந்தால் போதும், என் கால் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும். மனைவி தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே குசினிச் சுவருக்குச் சொல்லுவாள்:

“குண்டு அங்கை விழுது. ஓட்டம் இஞ்சை ஓடுது.”

சுவர் ஒன்றும் சொல்லாது. நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். பெற்றோல் செட்டுக்குப் போய் வரிசையில் நிற்பேன். அங்கே என்னைப் போலப் பாதி ஊர் நிற்கும். ‘எனக்கொரு பயமும் இல்லை, சும்மா இந்தப் பக்கம் வந்தனான்’ என்ற முகத்தோடு ஆளை ஆள் பார்த்துச் சிரிப்போம்.

இது ஒரு வருத்தம். மருந்து கிடையாது. எங்கள் வயதுக்காரருக்கு அது எங்கே தொற்றியது என்று எனக்குத் தெரியும். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயை மட்டும் காட்டினால் எஞ்சின் எழும்பாது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு, அதை நம்பவைத்து, அது பிடித்துக்கொண்ட பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்தச் சில துளிக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் இருந்தது. எங்கள் வீட்டில் அது சாமியறையில், திருநீற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. வந்த சொந்தக்காரர் ஒருவர் அதைப் பன்னீர் என்று நினைத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். விளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது. வீடே அலறிக்கொண்டு ஓடியது, அவரைக் காப்பாற்ற அல்ல, போத்தலைப் பறிக்க.

அந்த நாளிலிருந்து பெற்றோல் எனக்குப் பாவிக்கிற சாமான் அல்ல, வைத்திருக்கிற சாமான். தாலிக்கொடி மாதிரி. இருக்கிறது என்று தெரிந்தால் நித்திரை வரும்.

மனைவிக்கும் அப்படி ஒன்று இருந்தது. அது வெங்காயம். கலியாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து விதை வெங்காயம் கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை இலைத்தாளோடு சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டி, வீட்டுக்குள் தடியில் தொங்கவிட்டு, அடுத்த முறை அதையே நடுவது வழக்கம். ஒவ்வொரு முறையும் அறுவடையில் நல்லதாகப் பார்த்து விதைக்கு எடுத்துவிடுவாள். எல்லாரும் இடம்பெயர்ந்து ஓடிய அன்று நான் ஒரு கான் மண்ணெண்ணெயைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவள் ஒரு பிடி வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். என் மண்ணெண்ணெய் வழியிலேயே ஒழுகி முடிந்தது. அவளுடைய வெங்காயம் போன இடமெல்லாம் முளைத்து, திரும்பி எங்களோடு வலிகாமத்துச் செம்மண்ணுக்கே வந்து சேர்ந்தது. பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடு போனார்கள். வெங்காயம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்குப் பின்னால், ஒழுங்கையைத் தாண்டினால், நாங்கள் குத்தகைக்குச் செய்யும் தோட்டம். கை பம்பியால் மருந்தடித்து அடித்து என் தோள் கழன்றுபோனது என்று சொல்லி, முதுகில் மாட்டுகிற டூ ஸ்ட்ரோக் மெசின் ஒன்று வாங்கினேன். கயிற்றை இழுத்தால் காற்றோடு மருந்தைப் புகைபோல அடிக்கும். பாத்தி பாத்தியாக நின்று மினக்கெடத் தேவையில்லை. ஒரே ஒரு வில்லங்கம்: அதற்கு ஒயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெற்றோலுக்குள்ளேயே அளவாக ஒயிலைக் கலந்து கொடுக்கவேண்டும். குறைந்தால் எஞ்சின் இறுகும், கூடினால் புகைக்கும்.

எந்தப் பெற்றோல் என்பதே முதல் சண்டை. செட்டில் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றைந்து என்று இரண்டு வகை. மெசின் திருத்துகிற கராச்காரன், “தொண்ணூற்றிரண்டு காணும் அண்ணை, மற்றது சூடு கூட” என்றான். சூடு கூடுமோ குறையுமோ, அவனுக்கும் தெரியாது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் மனைவியின் தம்பி இருக்கிறான். வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வீட்டு வளவுகளில் புல்லு வெட்டுகிற மெசின் வைத்துப் பிழைக்கிறவன். அவன் ஒயிலைப் போத்தல் மூடியால் அளந்து, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுகிற ஆள். அவன் மெசினை இழுத்தால், அந்தப் புகைக்கு ஒழுங்கையில் நுளம்பு இருக்காது. அவனிடமும் கேட்டேன்.

“அத்தான், எரியிறது எதையும் விடலாம்” என்றான்.

நான் தொண்ணூற்றைந்தைத் தெரிவு செய்தேன். விலை கூடினது கெட்டுப்போகாது என்று ஒரு நம்பிக்கை. மாப்பிள்ளை எடுக்கும்போதும் எங்கள் சனம் அப்படித்தான் நம்பும்.

பிறகு நாடு முழுக்கப் பெற்றோல் இல்லாத அந்த வருடம் வந்தது. கைபேசியில் கட்டம் கட்டமாக ஒரு படத்தைக் காட்டினால்தான் கிழமைக்குக் கொஞ்சம் தருவார்கள். கானில் தரமாட்டார்கள். மோட்டார் சைக்கிள் தாங்கியில் வாங்கி, வீட்டுக்கு வந்து, குழாய் வைத்து வாயால் உறிஞ்சி, போத்தலில் இறக்கவேண்டும். அந்த நாட்களில் நான் யாரையும் பார்த்துச் சிரித்தால் மணம் வந்தது. தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் என் கை ஓயவில்லை. ஒரே செட்டுக்கு அடிக்கடி போனால் கதைப்பார்கள் என்று ஒரு நாள் காங்கேசன்துறைப் பக்கம், ஒரு நாள் நெல்லியடிப் பக்கம் என்று போய் நிரப்பினேன். நெல்லியடிக்குப் போய்வந்து குழாய் வைத்தால், போன பெற்றோலும் வந்த பெற்றோலும் போக, உறிஞ்சினதுக்குக் கூலியாக வாயில் கொஞ்சம் மிஞ்சும்.

போத்தல்களை முதலில் குசினி மூலையில் வைத்தேன். மனைவி பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, அடுப்புக்குப் பக்கத்திலை உதென்ன?”

“இருக்கட்டும். வெயில் படாத இடம்.”

“எனக்கும் வெயில் படாது. நானும் எரிஞ்சு போடுவன்.”

குளியலறைக்கு மாற்றினேன். அங்கே யாரோ ஷாம்பு என்று நினைத்துத் திறந்த பிறகு, வீட்டின் பின்பக்கக் கோடியில் பசளை வைக்கிற தகர அறைக்கு மாற்றினேன். பெற்றோலை நிழலில், குளிரான இடத்தில், இறுக்கமான கானில், காற்றுக்கு இடம்விடாமல் வைக்கவேண்டும் என்று மெசினோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருந்தது. எங்கள் தகர அறையில் பங்குனி வெயிலுக்கு முட்டை வைத்தால் அவிந்துவிடும். கான் போதாமல் சோடாப் போத்தல்களிலும் ஊற்றியிருந்தேன். மத்தியானத்தில் அவை வயிறு முட்டச் சாப்பிட்டவர்களைப்போல ஊதி நிற்கும். மூடியைத் தளர்த்தினால் ‘உஸ்’ என்று மூச்சுவிடும். நல்லதெல்லாம் அந்த மூச்சோடு போய்க்கொண்டிருந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பாவம், அவற்றுக்கும் வெக்கை என்று நினைத்தேன்.

இதில் நான் செய்த பெரிய கெட்டித்தனம் ஒன்றைச் சொல்லவேண்டும். பெற்றோல் வைத்திருக்கிறவன் என்று பெயர் எடுத்தால் ஊரில் உறவு பெருகும். ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட, ஒன்றுமே விடாத சொந்தக்காரர் எல்லாரும், “ஒரு போத்தல் தாங்கோ, நாளைக்குத் தாறம்” என்று படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இல்லை என்றும் சொல்ல ஏலாது, கொடுக்கவும் மனம் இல்லை. யோசித்தேன். ஒரு மத்தியானம் இருந்த பெற்றோல் முழுவதுக்குள்ளும் டூ ஸ்ட்ரோக் ஒயிலைக் கலந்துவிட்டேன். இனி அது மெசினுக்கு மட்டும்தான் ஆகும். இப்போதைய மோட்டார் சைக்கிளுக்கு விட்டால் புகைக்கும், பிளக் அடைக்கும், ஒருவரும் தொடமாட்டார்கள். வீட்டிலிருந்த ஒயில் போத்தலெல்லாம் கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்ந்தது.

அடுத்த நாளே மனைவியின் தம்பி வந்தான்.

“அத்தான், சந்நிதி முருகன் கோயிலுக்குப் போகவேணும். கொஞ்சம் பெற்றோல் தாங்கோ.”

“ஐயோ தம்பி, எல்லாம் கலந்துபோட்டனே!”

“எல்லாமோ?”

“எல்லாம்.”

தகர அறையை எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “தொண்டைமானாற்றிலை இருந்து முருகன் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனான்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியே சிரித்தேன். பெற்றோல் தனியாக இருந்தால் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கும். ஒயிலோடு கலந்துவிட்டால் ஒரு மாதம் போலத்தான் நல்லாக இருக்கும், கலக்கிறதை அன்றன்றைய தேவைக்குத்தான் கலக்கவேண்டும் என்று அதே புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்ததாம். அடுத்த பக்கத்தை நான் புரட்டவில்லை. போத்தல் மூடி செய்யக் கிழித்திருந்தேன்.

மருந்தடிக்கிற நாட்களில் அந்தப் பெற்றோலையாவது பாவித்தேனா? இல்லை. அது தட்டுப்பாட்டுக்கு. வழக்கமான வேலைக்குச் செட்டில் கொஞ்சம் புதிதாக வாங்கி, சந்தியில் சின்னப் போத்தலில் ஒயில் வாங்கி, கலந்து அடித்தேன். மிச்சம் வந்தால் அதையும் கொண்டுபோய்ப் பழைய போத்தலுக்குள்ளேயே ஊற்றினேன். மாசிப்பனி போனது, சித்திரை வெயில் போனது, மாரி வந்தது, திரும்பவும் வெயில். என் போத்தல்கள் தகர அறையில் கிடந்தன. நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

பக்கத்துக் காணித்துண்டும் குத்தகைக்குக் கிடைத்தது அதற்கடுத்த மார்கழியில்தான். மனைவி தடியிலிருந்து பிடிகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சாருங்கோ, வழமை போலை விதைக்கு ரண்டு பிடி விட்டிட்டு நடட்டோ, எல்லாத்தையும் நடட்டோ? நிலம் கூடக் கிடக்கு.”

“எல்லாத்தையும் நடும். மெசின் கிடக்கு, மருந்து கிடக்கு, பெற்றோல் செட்டே என்ரை கோடிக்குள்ளை கிடக்கு. உமக்கென்ன பயம்?”

“பயம் உங்கடை பகுதி. நான் கேட்டது வெங்காயத்தை.”

ஆனால் நட்டாள். கடைசிப் பிடியையும் பிய்த்து நட்டாள். தடி வெறுமையாகத் தொங்கியது. அது கொஞ்ச நாளைக்குத்தான், அறுவடைக்கு இரண்டு தடி கட்டவேண்டி வரும் என்று நான் பகிடி விட்டேன்.

மாசியில் பெய்யக்கூடாத மழை பெய்தது. நின்று, வெக்கையாகி, திரும்பப் பெய்தது. வெங்காயத்துக்கு அதைவிடப் பகை இல்லை. ஒரு காலை மனைவி தோட்டத்திலிருந்து ஒரு தாளைக் கிள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள். நிமிர்ந்து நிற்கவேண்டிய தாள் சுருட்டின கம்பி மாதிரி முறுகியிருந்தது.

“பங்கசு நோய். இண்டைக்கு அடிச்சால் பிழைக்கும். மழை விட்டிருக்கு. இனி எப்ப விடுமோ தெரியாது.”

மோட்டார் சைக்கிள் தாங்கி காய்ந்துகிடந்ததால், பெற்றோலுக்குச் சைக்கிளில் செட்டுக்கு ஓடினேன். வரிசை ஒழுங்கையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கோயில் வீதி வரை நின்றது. எங்கேயோ ஒரு நாட்டில் ஏதோ விழுந்திருக்கிறது. செட்டில் கயிறு கட்டிவிட்டார்கள். பெற்றோல் முடிந்துவிட்டதாம், பவுசர் லொறி பின்னேரம் வந்தாலும் வருமாம். நின்றவர்களின் முகமெல்லாம் விழுந்துபோயிருந்தது. நான் மட்டும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சிரித்தபடி வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமான காலை கலியாணத்தன்றுகூட வந்ததில்லை. இத்தனை வருடப் பயத்துக்கும் அன்றைக்கு நியாயம் கிடைத்துவிட்டது. ஊரிலே தட்டுப்பாடு, என் கோடியிலே சமுத்திரம்.

“மருந்தைக் கலவும்! கோடியிலை சமுத்திரமே கிடக்கு!” என்று ஒழுங்கையிலிருந்தே கத்தினேன்.

“கலந்திட்டன். கெதியாய் வாங்கோ.”

தகர அறையைத் திறந்தேன். முதல் போத்தல். மூடியைத் திருகினேன். ‘உஸ்’ இல்லை. பெற்றோல் மணமும் இல்லை. புதிதாக வார்னிஷ் பூசின கதிரையில் இருந்து எழும்புவதுபோல ஒரு மணம் வந்தது. ஒயிலின் பச்சை நிறம் எங்கேயோ போய், சாயத் தேத்தண்ணீர் நிறமாக இருந்தது. ஊற்றினேன். கயிற்றை இழுத்தேன். இழுத்தேன். மெசின் இருமியது, நெஞ்சைப் பிடித்தது, படுத்துவிட்டது. அடுத்த போத்தல். அதற்கடுத்தது. கையால் தொட்டால் பிசுபிசு என்று விரலில் ஒட்டியது. கயிறு இழுத்து இழுத்து என் தோள்தான் சூடாகியது, எஞ்சின் அல்ல.

மனைவியின் தம்பி வேலியால் எட்டிப் பார்த்தான்.

“அத்தான், உது பெற்றோலோ கசாயமோ?”

“நல்ல சாமான். தொண்ணூற்றைஞ்சு.”

“தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டுச் சாமான் போலை கிடக்கு.”

“பகிடி விடாதையடா! உன்ரை அக்காவின்ரை வெங்காயம் சாகுது.”

அந்தச் சொல்லுக்கு அவன் சிரிப்பை விழுங்கினான். தன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, குழாய் வைத்து, தாங்கியில் இருந்ததை ஒரு போத்தலில் இறக்கித் தந்தான். நல்ல, புதிய, கண்ணீர் போலத் தெளிந்த பெற்றோல். கட்டிப்பிடித்திருப்பேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது: ஒயில் இல்லை. வீட்டிலிருந்தது முழுவதும் சமுத்திரத்துக்குள்.

“உன்ரை ஒயில் எங்கை?”

“மெசினோடை தொண்டைமானாற்றிலை, வேலை செய்யிற வளவிலை. எடுக்கப் போகலாம்.”

“போய் எடுத்துக்கொண்டு வாவன்!”

“எதிலை போறது? பெற்றோல் இப்ப உங்கடை கையிலை.”

கராச்சுக்கு ஓடினேன். பூட்டு. கராச்காரன் செட் வரிசையில். சந்திக் கடைக்குச் சைக்கிளில் போய் ஒரு சின்னப் போத்தல் வாங்கிவந்திருக்கலாம். சந்தி தூரமில்லை. ஆனால் பதறுகிறவனுக்குச் சந்தி, காங்கேசன்துறையில் கப்பல் ஏறிப் போகவேண்டிய தூரத்தில் இருக்கும். வடக்கே கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மனைவி மருந்து வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு எனக்கு மூளை வேலை செய்யவில்லை. அதாவது, மிகவும் வேகமாக வேலை செய்தது.

பழையதுக்குள்ளே ஒயில் கிடக்குத்தானே! பழையதில் பாதி, புதியதில் பாதி. பழையது ஒயிலைக் கொடுக்கும், புதியது நெருப்பைக் கொடுக்கும்.

“அத்தான், ஒயில் காணுமோ?”

“காணும், காணும். அளவுக்கு மிஞ்சி விட்டிருக்கிறன்.”

மிஞ்சி விட்டது உண்மைதான். ஆனால் அதெல்லாம் போத்தலின் அடியில் களியாகப் படிந்து கிடந்தது. நான் குலுக்காமல் மேலாக ஊற்றினேன்.

இழுத்தேன். மெசின் உயிர்த்துவிட்டது! முதுகில் மாட்டிக்கொண்டு முதல் பாத்திக்குள் இறங்கினேன். மருந்து வெள்ளைப் புகையாய்ப் பறந்து தாள்மேல் படிந்தது. மனைவி எழும்பி நின்றாள். தம்பிக்காரன் விசில் அடித்தான். நடக்க நடக்க மெசினின் சத்தம் கூர்மையாகி உச்சத்துக்கு ஏறியது. சந்தோசத்தில் கத்துகிறது என்று நினைத்தேன். நானும் கூடக் கத்தினேன். அடுத்த பாத்திக்குத் திரும்பினபோது முதுகில் யாரோ கம்பியால் சுட்டதுபோல இருந்தது. ‘கீச்’ என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். சுவரில் கட்டின கயிறு மாதிரி, அசையவில்லை. உள்ளே பிஸ்டன் இறுகிவிட்டது.

தோட்டம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

மனைவி மருந்து வாளியை மூடிவைத்தாள். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினாள். கை பம்பி தேடிப் போனாள். எங்களுடையதை மெசின் வாங்கின கையோடு நான் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்திருந்தேன். ஊரில் எல்லாருக்கும் அன்றைக்குத்தான் மழை விட்டிருந்தது. எல்லார் முதுகிலும் பம்பி. ஒரு வீட்டில், “நாங்கள் முடிச்சிட்டுத் தாறம் பிள்ளை” என்றார்களாம். அவர்கள் முடிக்கும் வரை அவர்களுடைய வரம்பிலேயே குந்தியிருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் பம்பியை அவள் கையிலிருந்து வாங்கப் போனேன்.

“விடுங்கோ. நீங்கள் போய் உங்கடை போத்திலுகளைப் பாருங்கோ.”

அவள் அடித்தாள். தம்பி வாளியில் மருந்து ஊற்றிக் கொடுத்தான். நான் வரம்பில் இறுகின மெசினோடு நின்றேன், கோயில் வாசலில் செருப்புக் காக்கிறவன் மாதிரி. பாதித் தோட்டம் தாண்டவில்லை, மழை வந்தது. தூறலாக வரவில்லை, ஓட்டில் கல்லெறிவதுபோல வந்தது. அடித்த மருந்து வெள்ளை வெள்ளையாய்ப் பாத்திக்குள் ஓடியது. மருந்து கழுவிக்கொண்டு போவதைக் கண்டும் அவள் கொஞ்ச நேரம் பம்பியை அடித்துக்கொண்டே நின்றாள். தம்பிதான் போய், “அக்கா, காணும் அக்கா” என்று முதுகிலிருந்து கழற்றினான்.

பிறகு நடந்ததில் பகிடி ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். தாள்கள் முறுகி, வளைந்து, படுத்தன. பிடுங்கினால் கிழங்கு கழுத்தில் அழுகி வழுக்கியது. மழை எல்லாருக்கும் பொதுதான், என் பெற்றோலால் மட்டும் அழியவில்லை என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் மேற்கே அடுத்த தோட்டக்காரன் அன்று காலையே அடித்துவிட்டான். அவனுக்கு முக்கால்வாசி பிழைத்தது. அவன் என்னைக் கண்டால், “அண்ணை, சமுத்திரம் எப்பிடி?” என்று கேட்பான். தம்பிக்காரன் எங்கேயோ கதைத்திருக்கிறான்.

மனைவி முழுத் தோட்டத்தையும் குந்திக் குந்திக் கிளறினாள். கொஞ்சம் கிழங்கு நல்லதுபோல இருந்தது. அதைத் துடைத்து, நிழலில் காயவைத்து, ஒரு பிடி கட்டினாள். வெறும் தடியில் அந்த ஒரு பிடி தொங்கியது. ஒவ்வொரு நாளும் கதிரையில் ஏறி மணந்து பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டைப் பிய்த்து வெளியே எறிவாள். வீடு முழுக்க அழுகின வெங்காய மணம். ஒரு நாள் கதிரையில் ஏறினவள் இறங்கும்போது கையில் கட்டின கயிறு மட்டும் இருந்தது. அதையும் சுருட்டி யன்னல் கம்பியில் வைத்தாள்.

“அக்கா, சந்தையிலை விதை வேண்டலாம்” என்றான் தம்பி. அவன் வாழை வைக்கிறவன்; தாய்வீட்டு வெங்காயம் அவனிடம் எப்போதோ இல்லாமல் போயிருந்தது.

“வேண்டலாம்” என்றாள்.

வாங்கவில்லை. குத்தகை முடிந்தபோது, “விடுவம்” என்றாள். அவ்வளவுதான். அந்த நிலத்தில் இப்போது யாரோ மதில் கட்டுகிறார்கள்.

மெசினைக் கராச்சில் கழற்றினார்கள். கராச்காரன் முதலில் பிளக் என்றான், பிறகு காபரேற்றர் என்றான், கடைசியில் உள்ளே கீறிக்கிடந்த பிஸ்டனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

“அண்ணை, இதுக்கு என்ன விட்டனீங்கள்?”

“தொண்ணூற்றைஞ்சு.”

“நான் அப்பவே சொன்னனான், சூடு கூட எண்டு.”

விட்டுவிட்டேன். அவனாவது சரியாகச் சொன்ன சந்தோசத்தோடு இருக்கட்டும். பழைய பெற்றோலைச் சாமான் கழுவ எடுக்கிறாயா என்று கேட்டேன். ஒரு போத்தலை மணந்து பார்த்துத் திருப்பித் தந்தான். “உதாலை கழுவினால், உதைக் கழுவ வேறை பெற்றோல் வேணும்.”

எரிக்கலாம் என்றால் பயம். நிலத்தில் ஊற்றவும் ஏலாது; எங்கள் நிலம் முழுக்கச் சுண்ணக்கல், மேலே ஊற்றுவது எதுவும் ஒரு நாள் கிணற்றுக்குள் வந்து நிற்கும். போத்தல்கள் தகர அறையிலேயே கிடக்கின்றன. வெயிலுக்கு இப்போது ஊதுவதும் இல்லை.

“உதை எறியவும் ஏலாது, பாவிக்கவும் ஏலாது” என்று ஒருநாள் சாப்பிடும்போது புலம்பினேன்.

“வீட்டுக்குள்ளையும் ஒண்டு கிடக்கு” என்று சொல்லிவிட்டு மனைவி எனக்குச் சோறு போட்டாள்.

அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். அதற்கு முதல் கனகாலம் அவள் என்னை ஏசவே இல்லை. ஆனால் அதுவும் அந்த ஒருநாள்தான். பிறகு திரும்பவும் பேசாமல் போய்விட்டாள். சந்தைக்குப் போனால் வெங்காயத்தைப் பையின் அடியில் போட்டு, மேலே கீரையை வைத்துக்கொண்டு வருகிறாள். பெரிய, வெளிறின, கப்பலில் வந்த வெங்காயம். உரித்தால் கண் எரியாது. எங்கள் படலையால் வெங்காயம் வெளியே போய்த்தான் ஊர் கண்டிருக்கிறது. உள்ளே வருவதை யாரும் காணக்கூடாதாம்.

போன கிழமை காலைச் செய்தியில் திரும்பவும் ‘எண்ணெய்க் கப்பல்’. நான் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தோட்டம் இல்லை, மெசின் இல்லை, எங்கும் போகவேண்டிய அலுவலும் இல்லை. கால் செருப்பைத் தேடியது. மனைவி குசினிக்குள்தான் நின்றாள். சுவருக்கு ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கோடியில் கிடந்த வெறும் கானைக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வரிசை பள்ளிக்கூடம் வரை நின்றது. என் பின்னால் ஒரு ஆள், கையில் என்னுடையதைப் போலவே ஒரு கான். தெரியாத முகம், வேறு ஊர்க்காரர் போல.

“அண்ணை, மெசினுக்கோ?”

“ஓம். மருந்தடிக்கிற மெசினுக்கு.”

“என்ன தோட்டம்?”

“வெங்காயம்” என்றேன். “வீட்டு விதை.”